ஒரு டன் கழிவில்

தாமான் கெம்பாஸ் ஜெயா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. உனக்கு அந்தத் தலைவலி விட்டதா? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உன் வேலையைக் குறைத்திருக்கிறார்களா, கூட்டியிருக்கிறார்களா?

நீ கன்னியாஸ்திரியாகி, வெளியே வராத அடைப்பு மடத்துக்குள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் செய்தி என்று சொல்ல எனக்கு ஒன்று கிடைத்திருப்பது இப்போதுதான். புதன்கிழமை எங்கள் சுரங்கத்தில் முதல் கல்லை அரைத்தோம். நாம் எஸ்டேட்டில் இருக்கும்போதே ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்களே, அந்தக் குன்றின் பின்பக்கம் இப்போது படிப்படியாக வெட்டப்பட்டிருக்கிறது. வெடி வைத்த கல் லாரியில் வரும். உடைத்து, தண்ணீரோடு மாவாக அரைத்து, ஆடும் மேசைகளின் மேல் ஓடவிடுவோம். டங்ஸ்டன் கனமானது. அது மேசையின் ஒரு பக்கமாக ஒதுங்கும். இலேசான மணல் கழிவு வாய்க்காலில் விழுந்து குளத்துக்குப் போகும். அந்த வாய்க்காலுக்கு இன்ஜினியர்கள் என்னவோ பெயர் சொல்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் அது பாலோங்தான், பழைய ஈயச் சுரங்கத்துப் பேச்சு.

ஒரு டன் கல்லில் நாலு கிலோ டங்ஸ்டன் இருக்கிறது. அதில் எவ்வளவு நம்மிடம் நிற்கிறது, எவ்வளவு பாலோங்கில் போய்விடுகிறது என்று சொல்வது என் லேப்பின் பொறுப்பு. அதற்கு மணிக்கு ஒரு தடவை யாராவது பாலோங்கில் மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த யாராவது, அப்பா. செனாவாங் தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்துவிட்டார். நான் சிபாரிசு செய்யவில்லை. விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. ஆலை மேலாளர் மிஸ்டர் யோகேந்திரன், "மாதிரி எடுத்துப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டாராம். "இருபத்திரண்டு வருஷம் சார்." "என்ன மாதிரி?" "பால் சார். ரப்பர் பால்." அவர் சிரித்துவிட்டு, பழக்கம் உண்டு என்று எழுதிக்கொண்டாராம்.

உன் ஜெபத்தில் மேசைகளையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
ஏஞ்சலா

---

சேசு மரி சூசை

25 அக்டோபர் 2024

என் தங்கச்சி ஏஞ்சலாவுக்கு,

ஆண்டவர் உங்கள் இருவரையும் கைக்குள் வைத்துக் காப்பாராக. தலைவலி விட்டது. புதிய பிள்ளைகள் இருவர். ஒருத்தி நற்கருணை அப்பம் சுடும் இரும்பில் விரலைச் சுட்டுக்கொண்டாள், இன்னொருத்தி அதைப் பார்த்து அழுதாள். ஆகவே வேலை கூடியிருக்கிறது.

அப்பா மறுபடி மாதிரி எடுக்கிறார் என்று வாசித்தபோது எனக்கு அந்தப் பால் நிறுக்கும் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. வாளியில் மிதக்கும் நுரையைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, சின்னக் குவளையால் மேலாக ஒரு மொள்ளு. அந்தப் பாலைக் காய்ச்சி, எவ்வளவு ரப்பர் தேறுகிறது என்று பார்த்துத்தான் அன்றைக்குக் கூலி. அப்பாவைப் பற்றி, டொனால்ட் கை தப்புக் கை என்று எஸ்டேட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சண்டைக்கு வந்தவர்கள்கூடக் கணக்கு எழுதும் கிராணியிடம்தான் போனார்கள், அப்பாவிடம் வரவில்லை.

இந்த வயதில் அவருக்குப் பிடித்த வேலை கிடைத்தது. அது அவரிடமே இருக்கட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

திருவருகைக் காலம் டிசம்பர் ஒன்றில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். வருவதை மடத்துத் தலைவி மதர் எடுத்து வைத்துவிடுவார். அதற்குள் எழுது.

இயேசுவின் அன்பில்,
மார்த்தா

---

17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆறு நாளில் வந்துவிட்டது. இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். பிள்ளையின் விரல் ஆறியதா?

சுரங்கம் வேகமெடுக்கிறது. முதல் வாரம் மணிக்கு மூன்று டன் அரைத்தோம். இப்போது ஆறு. ஜனவரிக்குள் எட்டு என்று கோலாலம்பூர் அலுவலகம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் ஏதாவது ஒன்று உடைகிறது: ஒரு நாள் பம்ப், ஒரு நாள் சல்லடை. ஆனால் எண்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு டன் கழிவில் ஒரு கிலோதான் போகிறது. அதாவது நாலில் மூன்று நம்மிடம் நிற்கிறது. புதிய ஆலைக்கு இது மிக நல்ல கணக்கு என்று யோகேந்திரன் சந்தோஷத்தில் இருக்கிறார். போன வாரம் காலைக் கூட்டத்தில் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, "ஒரு மாதிரிகூடத் தவறவில்லை, ஒரு சீட்டில்கூட அடித்தல் இல்லை" என்றார். எல்லாரும் கைதட்டினோம். அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மாதிரி எடுக்க நீளக் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி கொடுத்திருக்கிறோம். பாலோங் கொட்டும் வாயில் அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே சீராக இழுக்க வேண்டும். ஆறு பேருக்கும் பயிற்சி முடிந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்துத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களுடைய பெட்டியெல்லாம் சேறும் துருவும். அப்பாவுடையது மட்டும் ஆணியில் பளபளவென்று தொங்குகிறது.

மூட்டை கட்டும் கொட்டகையில் வசந்தன் என்று ஒருவர், ராசா ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். அவரும் அப்பாவும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். "அங்கிள், நீங்க எடுத்தா கழிவுகூட சுத்தமா வருது லா" என்பார். அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது, காட்டிக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
ஏஞ்சலா

---

சேசு மரி சூசை

28 நவம்பர் 2024

தங்கச்சிக்கு,

சுகமாயிருக்கிறேன். விரல் ஆறிவிட்டது, இப்போது அழுதவள்தான் அப்பம் சுடுகிறாள்.

மூன்று நாளில் கடிதக் காலம் முடிகிறது, அதனால் ஒன்று மட்டும். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா பக்கத்திலுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வண்டி ஓட்டும்போது ஜங்ஷன் வருகிறது என்று சொல்லக்கூட நமக்குத் தைரியம் இருந்ததில்லை. மலாக்காவுக்குப் போக ஏறி, லுக்குட் போய்ச் சேர்ந்தோமே.

கிறிஸ்துமஸ் ஆசீர் உங்கள் இருவருக்கும், முன்கூட்டியே.

மார்த்தா

---

19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து தாமதமாகத்தான் வருகிறது. பண்டிகைக்கு அப்பா தொதோல் இனிப்பு வாங்கி வந்தார், இருவருக்கும் அது அதிகம். உங்கள் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். மடத்துக்குள் தண்ணீர் வரவில்லையே?

எட்டு டன்னைத் தொட்டுவிட்டோம். ஆனால் டிசம்பர் முடிந்து சரக்கை எண்ணியபோது ஒரு குழப்பம். கல்லில் இவ்வளவு, கழிவில் இவ்வளவு என்று லேப் சொல்வதிலிருந்து மூட்டை எத்தனை இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். ஐம்பது கிலோ மூட்டையாக நூற்றெண்பது இருக்க வேண்டும். கொட்டகையில் இருந்தது நூற்று நாற்பத்தைந்து.

யோகேந்திரன் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மாதிரி எல்லாம் சரிதானே, ஏஞ்சலா?"

"சரிதான் சார்."

"நிச்சயமா?"

"லேப் மெஷினை ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன் சார்."

"அப்ப கழிவுல போகல. மேசையிலயும் இல்ல. மூட்டையிலயும் இல்ல." பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப கேட்டு வழியாத்தான் போயிருக்கு."

மறுநாளிலிருந்து வாசலில் ஜாகா எல்லாருடைய பையையும் திறந்து பார்க்கிறார். மோட்டார் சீட்டைத் தூக்கச் சொல்கிறார். சாப்பாட்டு டப்பாவைக்கூட. கொட்டகைச் சாவி வசந்தனிடம் இருக்கிறது. அவருடைய மச்சான் லுக்குட்டில் லாரி வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து யாரோ பேச ஆரம்பித்து, இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அப்பா மட்டும், "அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று சொல்லிவிட்டு அவரோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

நான் மெஷினை மூன்றாவது தடவையும் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
ஏஞ்சலா

---

சேசு மரி சூசை

10 பிப்ரவரி 2025

என் தங்கச்சிக்கு,

வெள்ளம் சமையலறைப் படிவரை வந்து திரும்பிவிட்டது. கோழிகளை மட்டும் மாடிக்குக் கொண்டுபோனோம். ஆண்டவர் அருளால் எல்லாரும் சுகம்.

அப்பாவும் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார், அரைப் பக்கம். வேலை நல்லபடி போகிறது, மேலாளர் மரியாதையாக நடத்துகிறார், ஏஞ்சலாதான் மெலிந்துவிட்டாள், ராத்திரி சாப்பாட்டை மூடி வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறார்.

வசந்தனுக்காக ஜெபிக்கிறேன். நீ மெஷினை மூன்று தடவை சரிபார்த்ததாக எழுதியிருக்கிறாய். நான் நவம்பரில் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. வேடிக்கையாகக் கேட்டதுதான் என்று விட்டிருப்பாய். இப்போது வேடிக்கையாகக் கேட்கவில்லை.

சாம்பல் புதன் மார்ச் ஐந்து. அதிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை மறுபடி கடிதம் இல்லை.

மார்த்தா

---

25 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்குப் போன வாரம் மூன்று நாள் காய்ச்சல். கிளினிக்கில் ஊசி போட்டு, இப்போது குணமாகி வேலைக்குப் போகிறார். அந்த மூன்று நாளும் அவர் எடுக்க வேண்டிய மாதிரிகளை நானே எடுத்தேன்.

ஜனவரிக் கணக்கிலும் மூட்டை குறைந்தது. நேற்று வசந்தனைச் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மற்றபடி விசேஷம் இல்லை. கோழிகள் கீழே இறங்கிவிட்டனவா?

ஏஞ்சலா

---

9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மதர் எடுத்து வைத்துவிடுவார். ஏப்ரல் இருபதுக்கு முன் உன் கைக்கு வராது. அதனால்தான் எழுத முடிகிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில்: நான் அப்பா பக்கத்தில் நிற்கவில்லை. ஐந்து பேர் பக்கத்தில் நின்றேன். கையைப் பிடித்துக் காட்டினேன், திரும்பத் திரும்ப இழுக்கச் சொன்னேன். ஆறாவதாக அப்பாவிடம் போனபோது, அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கா சொல்லித் தர்ற?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான். நானும் சிரித்தேன். படிவத்தை முழங்காலில் வைத்து அவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் மாதிரி எடுக்கும் நேரத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை. மகள் வந்து நின்று தன் வேலையைப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, பாலோங்கைச் சுற்றி வேறு வழியாக நடந்தேன்.

கழிவு மாதிரி பகலில்தான் எடுக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் அப்பா. மற்றவர்கள் மேசையிலும் அரைக்கும் இடத்திலும். அவருடைய விடுமுறை நாளில் மாற்றாள் எடுப்பதில் எண் கூடுதலாக வரும். அவன் கவனக்குறைவு என்று நினைத்து அவனைத்தான் கண்டித்தேன்.

காய்ச்சல் நாட்களில் நான் எடுத்ததில், ஒரு டன் கழிவில் ஒரு கிலோ அறுநூறு கிராம் வந்தது. மூன்று நாளும் அதேதான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் மூட்டை நூற்று நாற்பத்து நாலு. அக்கா, யாரும் எதையும் எடுக்கவில்லை. எல்லாம் குளத்தில் கிடக்கிறது.

இது எனக்குப் பத்தொன்பதாம் தேதி மாலையே தெரியும். வசந்தனை வீட்டுக்கு அனுப்பியது இருபத்துநாலாம் தேதி. உனக்கு எழுதியது இருபத்தைந்து.

அப்பா என்ன செய்கிறார் என்று முந்தாநாள் போய்ப் பார்த்தேன், அவர் பார்க்காத இடத்தில் நின்று. இரும்புப் பெட்டி ஆணியில் தொங்குகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன அலுமினியக் குவளையை எடுத்தார். நுரையைப் புறங்கையால் ஒதுக்கினார். மேலாக ஒரு மொள்ளு. நீ எழுதியிருந்தது போலவேதான். டங்ஸ்டன் கனம், அடியில் உருண்டு போகிறது. மேலே மொண்டால் அது குவளைக்குள் வராது.

வருகிற வெள்ளிக்கிழமை வசந்தன் மேல் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப்போகிறார்கள். நான் வாய் திறந்தால் அப்பாவின் வேலை போகும். வேலை மட்டும் இல்லை, அந்தக் கையும். எஸ்டேட்டில் ஒருவரும் தப்பு என்று சொல்லாத கை.

நாலு நாள் இருக்கிறது.

ஏஞ்சலா

---

16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அப்பாவை லேப்புக்குக் கூப்பிட்டேன். எங்களிடம் ஒரு ஊதா விளக்கு இருக்கிறது. இந்த டங்ஸ்டன் கனிமம் அதன் கீழே நீலமாக ஒளிரும். இருட்டுப் பெட்டிக்குள் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் அவர் குவளையில் எடுத்த மணல், இன்னொன்றில் நான் பெட்டியை இழுத்து எடுத்தது. துவாரம் வழியாகப் பாருங்கள் என்றேன்.

அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். முதல் தட்டில் அங்கங்கே சில பொட்டு. இரண்டாவதில் சர்க்கரை கொட்டியது போல.

"இது எந்த எடத்து மண்ணு?"

"ரெண்டும் ஒரே எடம்பா. ஒரே நேரம்."

"நான் எடுத்ததுல ஏன் இல்ல?"

"நீங்க மேலால எடுக்கறீங்க. அது அடியில போகுது."

"அடியில மண்ணுதான இருக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பால் வாளியில அடியில கெடக்கறது மண்ணும் பட்டையும். எடை கூடட்டும்னு போடுவானுங்க. மண்ணுக்குக் கூலி கெடையாது. அதத் தொட்டா கம்பெனிக்குத் துரோகம், தொடாம மேலால எடுத்தாத்தான் நியாயம்."

"இங்க மண்ணுக்குத்தான்பா கூலி."

அவர் குவளையைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப வசந்தன்?" என்றார்.

"அவர் ஒண்ணும் எடுக்கல."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

சொன்னேன். திட்டியிருக்கலாம். எழுந்து போய்ப் பிற்பகல் மாதிரிகளை எடுத்தார், இரும்புப் பெட்டியால், எப்படியோ.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் யோகேந்திரன் அறைக்குப் போனோம். எண்களை நான் சொன்னேன். குவளையை அப்பா மேசையில் வைத்தார். ரிப்போர்ட் கொடுக்கவில்லை. வசந்தனைத் திங்கட்கிழமை வரச்சொல்லி ஃபோன் போட்டார்கள். அப்பாவின் வேலை போய்விட்டது. நாலில் மூன்று என்று கோலாலம்பூருக்குச் சொன்னதை இனி நூற்றுக்கு அறுபது என்று மாற்றிச் சொல்ல வேண்டும். மேசைகளின் சாய்வை மாற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். உன் தவக்காலம் நல்லபடியாக இருக்கட்டும்.

ஏஞ்சலா

---

தாமான் கெம்பாஸ் ஜெயா
30.3.2025

அன்பு மகள் மார்த்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் தங்கச்சியும் சுகம். நீயும் மதரும் மற்ற சிஸ்டர்மாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். தவக்காலம் என்று தெரியும், எப்போது கிடைக்கிறதோ அப்போது வாசி.

சுரங்க வேலை முடிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். தங்கச்சி முதல் நாளே பக்கத்தில் நின்று ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாள், கையெழுத்தும் போட்டாள். நான்தான் அவள் பேச்சைக் கேட்காமல் பழைய பழக்கத்தில் எடுத்துவிட்டேன். இதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அவள் பேரில் ஒரு குறையும் வரவில்லை. அவள் கேட்டால் நீயும் இப்படியே சொல்லு.

ராசாவுக்குப் போய் வசந்தனைப் பார்த்தேன். அவன் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். அவன் வந்து, "உள்ள வாங்க அங்கிள், அம்மாவுக்குக் கோபம் கம்பெனி மேல" என்றான். குடிக்க மைலோ கொடுத்தார்கள். மோட்டார் சீட்டைத் தூக்கிப் பார்த்ததுதான் அவனுக்குப் பெரிய அவமானமாம்.

வீட்டில் வேலை இருக்கிறது. கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன்.

அன்பு அப்பா,
டொனால்ட்

---

சேசு மரி சூசை

21 ஏப்ரல் 2025

என் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். நேற்றுத் திருப்பலி முடிந்து மதர் என்னிடம் மூன்று உறையைக் கொடுத்தார். தேதிப்படி அடுக்கி வாசித்தேன். சாப்பாட்டு மணி அடித்தது கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஒன்றில் நீ பக்கத்தில் நிற்கவில்லை என்று இருக்கிறது. ஒன்றில் நீ நின்றாய் என்று இருக்கிறது. நடுவில் உள்ளதில் எண்களை நான் சொன்னேன், குவளையை அப்பா வைத்தார், வேலை போய்விட்டது என்று மட்டும் இருக்கிறது. அந்த அறையில் அப்பா பேசியபோது நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?

தன்னைப் பற்றி ஒரு கடிதத்தில்கூடப் பொய் எழுதாதவர் உனக்காக எனக்கே எழுதியிருக்கிறார். என்னையும் அதையே சொல்லச் சொல்கிறார். நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பதில் போடவும் இல்லை. நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

அவர் வேலை அவரிடமே இருக்கட்டும் என்று நானும்தான் எழுதினேன். அது உன் வாயை அடைத்திருந்தால் என்னையும் மன்னித்துக்கொள். சாப்பிடு.

மார்த்தா

---

20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதிலெழுதும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

நீ கேட்டது: படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகேந்திரன் அதை மேசையில் வைத்து, "பயிற்சி கொடுத்ததா இருக்கு, உங்க கையெழுத்துதானே?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பொண்ணு நல்லாத்தான் சார் சொல்லிக் குடுத்துச்சு. நான் கேக்கல" என்றார். என்னைக் கேட்ட கேள்வி அது. அவர் பதில் சொன்ன பிறகும் எனக்கு நேரம் இருந்தது. யோகேந்திரன் படிவத்தை மடித்து உறையில் போட்டு, உறையைக் கோப்பில் வைத்து, கோப்பை அலமாரியில் வைத்தார். அவ்வளவு நேரம் இருந்தது.

இந்த மாதம் ஆறாம் தேதி யோகேந்திரனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து, "அப்ப ஜனவரில நான் நிச்சயமான்னு கேட்டதுக்கு?" என்றார்.

"மெஷினப் பத்திச் சொன்னேன் சார்."

"நான் மெஷினக் கேக்கல."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு லேப்பில் என் கையெழுத்து மட்டும் செல்லாது. எனக்குக் கீழே வேலை செய்யும் ஷாமினியும் சேர்ந்து போட வேண்டும். வசந்தனிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "அஞ்சு நாள் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா மிஸ், என்னை அனுப்பறதுக்கு முன்னாடி?" ஆமாம் என்றேன். "சரி" என்றார். அதன்பிறகு என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எப்போது வருவார் என்று.

அதுதான் அடுத்தது. பயிற்சியே கொடுக்காத ஆளைப் பயிற்சியை மீறினார் என்று நிறுத்த முடியாது என்று யோகேந்திரன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஐந்து நாள் பயிற்சி, அதில் தேறினால் வேலை. பயிற்சி கொடுப்பது யார் என்று கேட்டேன். "படிவத்துல யார் பேர் இருக்கு?" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அம்மா இறந்த வருடத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. வேலையைப் பற்றி இல்லை. "நான் ஒண்ணு சொல்லிட்டு வந்தா அத ஏன் போய் மாத்தற? நான் பொய் சொன்னேன்னு அவருக்கு இப்பத் தெரியும்ல?" நாலு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் பூட்ஸை எடுத்து வெளியே வெயிலில் வைத்தார். அதை வைத்துப் புரிந்துகொண்டேன்.

நேற்றுத் திங்கட்கிழமை, முதல் நாள். பாலோங் வாயில் அவரும் நானும். வசந்தன் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் இரண்டு பேரும். அப்பா பெட்டியை எடுத்து இழுத்தார்.

"வேகம்பா" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் கொட்டிவிட்டு மறுபடி இழுத்தார். அந்தக் கரையைத் தொடவில்லை. அதையும் சொன்னேன்.

"தொட்டுச்சு."

"தொடலப்பா. ஒரு சாண் விட்டுட்டீங்க."

"அங்கிள், மாட்டிக்கிட்டீங்க லா" என்றார் வசந்தன். அப்பா திரும்பாமலே, "நீ ஒன் மூட்டையத் தைடா" என்றார்.

மூன்றாவது, நான்காவது இரண்டிலும் பெட்டி நடுவில் ஒரு நொடி நின்றது. தோள் வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை என்று மட்டும் சொன்னேன். ஐந்தாவது தடவை இழுத்து முடித்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்தார்.

"இது சரி" என்றார்.

நான் பெட்டிக்குள் பார்த்தேன். அடி மணல் முழுக்க ஏறியிருந்தது. சரிதான் என்றேன்.

"அப்பப் போடு கையெழுத்த."

"வெள்ளிக்கிழமைப்பா. இன்னும் நாலு நாள் இருக்கு."

அவர் பெட்டியைக் கழுவாமல் சேறோடு அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த மணிக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இனி நீ அப்பாவுக்குப் பதில் போடலாம். மதருக்கு என் வணக்கம். கோழிகள் பற்றி நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
ஏஞ்சலா